பூத்தும் காய்க்காத மா

தை பிறந்ததும் மாமரங்கள் பூக்கத் தொடங்குகின்றன. எந்த மரம் நன்றாகப் பூத்திருக்கிறது, பூவில் எவ்வளவு பிஞ்சாக நிற்கும், மரத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதா, நாமே காயிறக்கி விற்பதா என்று கமக்காரர் கணக்குப் பார்க்கும் காலம் அது. அந்தக் கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பூத்த மரம் காய்க்கும் என்பதே அந்நம்பிக்கை. அதைப் பொய்யாக்கும் நோய் ஒன்று உலகின் மாந்தோப்புகளில் நூற்றாண்டுக்கு மேலாக நிலைகொண்டிருக்கிறது. மற்ற மரங்களை விட அதிகமாகப் பூத்தது போலத் தோன்றச் செய்து, ஈற்றில் ஒரு காயும் இல்லாமற் செய்துவிடும் நோய் அது. உருக்குலைவு நோய் என்று அதனைச் சொல்லலாம்.

அந்நோய் நமது நாட்டிலும் காணப்பட்டதென்று இலங்கை ஆராய்ச்சியாளரும் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2013ஆம் ஆண்டில் அறிவியல் ஏடொன்றில் அறிக்கை வெளியிட்டனர். தாவர நோய்களைப் பற்றி உலக அறிஞர் படிக்கும் ஏடு அது. ஆனால் அதே செய்தி ஒரு கறுத்தக்கொழும்பான் மரத்தை நம்பிப் பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் கணக்குப் போடும் கமக்காரரை எட்டியதா? ஒட்டுக்கன்று விற்போரை எட்டியதா? முற்றத்தில் நாலு மா வைத்திருக்கும் ஆசிரியரையும் வைத்தியரையும் எட்டியதா? எட்டியதற்கான அடையாளம் நமது ஊர்களிலே தென்படவில்லை. ஆகவேதான் இந்நோயைப் பற்றியும், அதனைப் பிறநாட்டார் எவ்வாறு அடக்கி வருகின்றனர் என்பது பற்றியும், நமது கடமை யாது என்பது பற்றியும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நோயை அறிவது எப்படி?

மாம்பூ உதிர்வதற்குக் காரணங்கள் பல. அந்திரக்னோசு நோய் வந்தால் பூ கருகும். தூள் போலப் பூஞ்சணம் படிந்தால் பூ வெளிறி உதிரும். தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சினால் பூங்கொத்து ஒட்டிப் பிசுபிசுத்துப் பின் காயும். இவை நமது கமக்காரர் கண்டு பழகியவை. உருக்குலைவு நோய் இவற்றுள் எதனையும் போன்றதன்று. இங்கே பூ கருகுவதில்லை, உதிர்வதுமில்லை. நலமான பூங்கொத்து நீண்டு, கிளைத்து, காற்றோட்டமாக விரிந்து நிற்கும். நோயுற்ற பூங்கொத்தின் காம்போ குறுகித் தடித்துவிடுகிறது. கிளை மேற் கிளை வெடிக்கிறது. பூக்கள் வழமையிலும் பருத்து, எண்ணிக்கையிற் பெருகி, ஒன்றோடொன்று நெருங்கிப் பூக்கோவா போல ஒரு திரளாகிவிடுகின்றன. அத்திரளில் ஆண்பூக்களே மிகுதி. இருபாற் பூக்கள் சில இருப்பினும் அவையும் பெரும்பாலும் மலடு. எங்கேனும் ஒன்று பிஞ்சு பிடித்தாலும் அது நிலைப்பதில்லை.

நலமான பூங்கொத்துகள் பிஞ்சு தாங்கித் தலைசாய்ந்து நிற்கும் வேளையில் இந்தத் திரள்கள் பச்சை மாறாமல் விறைத்து நிற்பதைக் காணலாம். பின்னர் அவை காய்ந்து கறுத்து, உதிராமல், மாதக்கணக்காக மரத்திலேயே தொங்கும். ஒரே மரத்தில் ஒரு கொப்பு நோயுற்றிருக்க மறு கொப்பு நன்றாகக் காய்த்திருப்பதும் உண்டு. ஓராண்டு கடுமையாகத் தோன்றி மறு ஆண்டு குறைந்து காணப்படுவதும் உண்டு. இவ்வகைப் போக்கே இந்நோயைப் பற்றி நீண்டகாலம் எவரும் திட்டமாக ஒன்றும் சொல்லவொட்டாமற் செய்தது.

பூவைத் தாக்குவதோடு நோய் நின்றுவிடுவதில்லை. இளங்கன்றின் குருத்தையும் அது தாக்கும். அவ்வாறு தாக்குண்ட கன்றில் நுனி வளர்ச்சி நின்றுவிட, பக்க மொட்டுகளெல்லாம் ஒருங்கே வெடித்து, தடித்துக் குறுகிய தளிர்கள் கொத்தாகத் திரளும். இலைகள் சிறுத்துச் செதில் போலாகிவிடும். கன்று வாங்குவோர் இந்த அடையாளத்தை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

நூற்றாண்டுக் குழப்பம்

இந்நோய் முதன்முதலாக ஏட்டில் ஏறியது 1891ஆம் ஆண்டிலாகும். வட இந்தியாவில் பிகாரைச் சேர்ந்த தர்பங்காவிலே, அந்நாட்டு மகாராசாவின் தோட்டங்களை மேற்பார்வை செய்த சாள்ஸ் மேரிஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டு கூறியதை, இந்தியாவின் பொருளாதாரப் பயிர்கள் பற்றிப் பேரகராதி தொகுத்த ஜோர்ஜ் வாற் என்பவர் பதிவு செய்தார். அக்பர் சக்கரவர்த்தி இலட்சம் மாமரங்களை நடுவித்தார் என்று சொல்லப்படும் நிலம் அது. மாவின் பெருமை விளங்கிய இடத்திலேயே மாவின் இந்நோயும் முதலிற் காணப்பட்டது.

அன்று தொடங்கி, இதற்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு அறிஞர் அளித்த விடைகள் பல. மண்ணிற் சத்துக் குறைவு என்றனர் சிலர். மரத்தினுள்ளே வளர்ச்சியை நடத்தும் ஓமோன்களின் நிலை தவறியது என்றனர் சிலர். வைரசு என்றனர் சிலர். மொட்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் கூட்டங் கூட்டமாக வாழ்வதைக் கண்டு, அவையே காரணம் என 1950களிற் கூறியோரும் உளர். குளிரே காரணம் என்று கூறியோரும் உளர். வடமேற்கு இந்தியாவில், குளிர்காலத்தில் மொட்டு உருவாகும் இடங்களில், நோய் கடுமையாகவும், தென்னிந்தியாவில் அது அரிதாகவும் இருந்தமை இவர்களுடைய கூற்றுக்குச் சான்றாயிற்று. ஒவ்வொருவர் கூற்றுக்கும் ஏதோ ஒரு சான்று இருந்தது. ஒருவர் கூற்றும் முழுவதையும் விளக்கவில்லை.

1966ஆம் ஆண்டில் இந்தியாவில் சும்மன்வார், ராய்சௌதுரி முதலிய அறிஞர்கள், நோயுற்ற பூங்கொத்திலிருந்து பியூசேரியம் இனத்துப் பங்கசு ஒன்றைப் பிரித்தெடுத்து, நலமான மரத்திற் செலுத்தி, அதே நோயை உண்டாக்கிக் காட்டினர். அதனோடு வழக்குத் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் தீரவில்லை. நலமான மரத்திலும் இப்பங்கசு இருக்கிறதே, செலுத்திய எல்லா மரத்திலும் நோய் தோன்றவில்லையே என்று ஐயம் எழுப்பியோர் இருந்தனர். மேலும் முப்பது ஆண்டுகள் வாதம் நடந்தது.

1999ஆம் ஆண்டில் இஸ்ரேலிய அறிஞர்கள் அந்த ஐயத்தைப் போக்க ஓர் உபாயம் செய்தனர். பங்கசினுள்ளே, சோதனையில் நீல நிறம் காட்டும் மரபுக் குறி ஒன்றைப் புகுத்தி, அதனை மாமொட்டுகளிற் செலுத்தினர். உருக்குலைந்து வெளிவந்த பூக்களுக்குள்ளே அதே நீலக்குறி தாங்கிய பங்கசு காணப்பட்டது. தாம் செலுத்திய பங்கசுதான் இந்த நோயைச் செய்தது, முன்னரே மரத்திலிருந்த வேறொன்று அன்று என்பது அதனால் உறுதியாயிற்று. 2002ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிற் பணியாற்றிய அறிஞர்கள் அப்பங்கசுக்குப் பியூசேரியம் மாங்கிபெரே என்று தனிப்பெயர் இட்டனர். அதன் உறவினங்கள் சிலவும் இதே நோயைச் செய்வது தென்னாபிரிக்கா, மெக்சிக்கோ, பிரேசில் முதலிய நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது.

அப்படியாயின் முன்னோர் கூறிய மற்றவையெல்லாம் வெறும் கதையோ? அன்று. ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பகுதியைத் தொட்டது. பங்கசு மொட்டுக்குள் புகுந்தபின் மரத்தின் ஓமோன் நிலை உண்மையாகவே குலைகிறது. அதனாலேயே பூவின் உருவமும் குலைகிறது. சிற்றுண்ணி தானாக இந்நோயைச் செய்வதில்லை. ஆனால் பங்கசின் வித்திகளை உடலிற் சுமந்து மொட்டின் செதில்களுக்குள்ளே கொண்டுபோய், அங்கே காயமும் உண்டாக்கிப் பங்கசுக்கு வழிசெய்கிறது. குளிரும் நோயைப் படைப்பதில்லை. மொட்டின் வளர்ச்சியைத் தாமதப்படுத்திப் பங்கசுக்கு வாய்ப்பளிக்கிறது. குற்றவாளி ஒருவன், உடந்தையாளர் பலர். இத்தனை காலம் வழக்கு இழுபட்டதன் காரணம் இதுவே.

பரவும் வழி இரண்டு

காரணம் தெளிவானதும் பரவும் வழியும் தெளிவாயிற்று. கமக்காரருக்கு முக்கியமானது இதுவே என்க. முதலாவது வழி, நாம் மேலே கூறிய காய்ந்து கறுத்த பூந்திரள். பங்கசின் வித்திகள் அதிலே கோடிக்கணக்கில் உண்டாகிக் காற்றிற் பறந்தும், உலர்ந்த துணுக்குகளாக உதிர்ந்தும் அடுத்த மொட்டுகளில் வந்து படிகின்றன. நோய் மரத்தின் உடலெங்கும் ஓடுவதில்லை, மொட்டுகளையே பற்றிக்கொண்டிருக்கிறது. இவ்வாண்டு மரத்தில் விட்ட திரள் அடுத்த ஆண்டின் நோய்க்கு விதைநெல்லாகிவிடுகிறது.

இரண்டாவது வழி கன்று. வித்தி காற்றிற் பறக்கும் தூரம் குறைவு. ஒரு தோட்டத்துள்ளும் அயல் தோட்டத்துள்ளும் அது பரப்பும். கடல் கடந்து போவதற்கு அதற்கு மனிதரின் உதவி வேண்டும். நோயுற்ற மரத்தில் ஒட்டுக்கொப்பு எடுத்துக் கட்டிய கன்றே அவ்வுதவியாகும். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இந்நோய் தோன்றியது இவ்வழியாலேயே என்பது அறிஞர் கருத்து. அவுஸ்திரேலியா தனது எல்லையைக் கடுமையாகக் காக்கும் நாடு. அங்கும் 2007ஆம் ஆண்டில் வட ஆட்புலத்தில் இது கண்டறியப்பட்டது.

விதையால் இது பரவுகிறதா என்று எகிப்திலே ஆராய்ந்து பார்த்தனர். விதை குற்றமற்றது என்று தெரிந்தது. நோயுற்ற பெரிய மரத்தின் நிழலில் நாற்றுமேடை போட்டதனாலேயே அங்கே கன்றுகள் நோயுற்றன. மேலே தொங்கிய காய்ந்த திரளிலிருந்து வித்திகள் கீழே நின்ற இளங்குருத்துகளில் விழுந்தன. நிழலும் நீரும் வசதியாகக் கிடைக்கிறதென்று தாய்மரத்தின் கீழேயே கன்று வளர்க்கும் வழக்கம் நமது நாட்டிலும் உண்டு. அவ்வழக்கத்தை விட்டுவிடச் செலவு ஒன்றுமில்லை.

பிறநாட்டார் செய்வது

நோயைக் கண்ட நாடுகளில் உற்பத்தியாளர் கைக்கொண்ட முறைகளுள் முதலிடம் பெறுவது கத்தியே. உருக்குலைந்த பூங்கொத்தையும் குருத்தையும், அது காய்ந்து வித்தி சிந்துமுன், அதற்குக் கீழே நலமான கொப்பில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை சேர்த்து வெட்டிவிடுகின்றனர். நோய் கடுமையாயின் இன்னும் கீழே இறங்கி வெட்டுகின்றனர். வெட்டியதை மரத்தடியிற் குவிப்பதில்லை, உடனே எரித்துவிடுகின்றனர். மரத்துக்கு மரம் கத்தியைத் துடைத்துத் தொற்றுநீக்குகின்றனர். இதனை ஓராண்டு செய்து விட்டுவிட்டாற் பயனில்லை. இரண்டு மூன்று பூப்புக் காலங்கள் தொடர்ந்து செய்தாலே நோய் அடங்குகிறது.

வட இந்தியாவில் இதனோடு வேறு இரண்டு முறைகளும் உண்டு. ஒன்று, ஒக்டோபர் மாதத்தில், மொட்டு உருவாகுமுன், நப்தலீன் அசற்றிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் பத்து இலட்சத்தில் 200 பங்கு என்ற அளவில் தெளிப்பது. மற்றொன்று, குளிர்காலத்தில் முந்தி வெடிக்கும் பூக்களைக் கையாற் களைந்துவிடுவது. களைந்த இடத்தில் வெயில் ஏறிய பின் வரும் பூக்கள் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன. இவை அந்நாட்டுக் குளிருக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கண்ட முறைகள். நமது வெப்பத்துக்கும் மாரிக்கும் அவை பொருந்துமா என்று நமது நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் செய்து பார்த்துச் சொன்ன பின்னரே நாம் கைக்கொள்ளலாம். பங்கசுநாசினி தெளிப்போரும் உளர். மொட்டின் செதில்களுக்குள் ஒளிந்திருக்கும் பங்கசை மேலே தெளிக்கும் மருந்து முற்றாக அடைவதில்லை. கத்திக்குத் துணையாகவே அது பயன்படும். கத்திக்குப் பதிலாக அன்று.

நோயை எதிர்க்கும் இனங்களும் சில உண்டு. பதௌரன், இலாய்ச்சி என்னும் வட இந்திய மா இனங்கள் இந்நோய்க்கு இடங்கொடாதவை என்று பெயர் பெற்றவை. ஆனால் சந்தை கேட்கும் பழமும் நோயைத் தாங்கும் மரமும் எப்பொழுதும் ஒன்றாக அமைவதில்லை. நமது கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் விளாட்டையும் விட்டு வேறெதனையோ நடும்படி எவரும் நமக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நாம் கேட்கப்போவதில்லை. ஆகையால் நம்மிடம் உள்ள இனங்களைக் காப்பதே வழி.

கத்தியை எடுக்கத் தயக்கம் ஏன்?

இத்துணை எளிய முறை இருக்கவும், பல நாடுகளில் நோய் அடங்காமல் இருப்பதேன்? கமக்காரரின் சோம்பல் என்று கூறுவது நகரத்திலிருந்து பேசுவோரின் வழக்கம். அக்கூற்றை நாம் ஏற்கமாட்டோம். தயக்கத்துக்குத் தக்க காரணங்கள் உண்டு.

முதலாவது, இந்நோய் மரத்தைக் கொல்வதில்லை. கண்முன்னே பட்டுப்போகும் மரத்துக்காக எவரும் ஓடித் திரிவர். பச்சையாக நின்று பூவும் பூக்கும் மரத்துக்கு அவசரம் என்ன என்று தோன்றுவது இயல்பு. இரண்டாவது, பூத்த கொப்பை வெட்டக் கை கூசுகிறது. நமது மக்களுக்குப் பூத்த மரத்தில் வெட்டுப்போடுவது பழியென்றே மனத்திற் படுகிறது. மூன்றாவது, கூலி. உயர்ந்து வளர்ந்த பழைய மாமரத்தில் ஏறி, ஒவ்வொரு நுனிக்கொப்பாகத் தேடி வெட்டுவது ஆபத்தான வேலை, ஆட்கூலி கட்டாது. நான்காவது, அயலவர். ஒருவர் தமது மரத்தைச் சுத்தஞ் செய்ய, வேலிக்கு அப்பால் நிற்கும் மரம் வித்தியைத் தூவிக்கொண்டிருந்தால் அவர் செலவு வீணாகிறது. எல்லாரும் செய்தால் எல்லாருக்கும் பயன். ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு மட்டும் நட்டம்.

முதலிரண்டு தயக்கங்களுக்கும் அறிவே மருந்து. வெட்டப்படும் திரளில் ஒரு பழமும் வரப்போவதில்லை என்பதை உணர்ந்தால், இழப்பது ஒன்றுமில்லை என்பது விளங்கும். மூன்றாவதற்கு விடை, இனி நடும் மரங்களை இளமையிலேயே கத்தரித்துத் தாழ்வாக வளர்த்தலாகும். கையெட்டும் மரத்தில் நோயைக் காண்பதும் களைவதும் எளிது. நான்காவதுக்கு மட்டும் தனிமனிதரிடம் விடையில்லை. அது ஊரின் வேலை. அதற்கு மேல் அரசின் வேலை.

படித்தோர் பொறுப்பு

இவ்விடத்தில் நமது உத்தியோகத்தரையும் படித்தோரையும் நோக்கி ஒன்று கூற வேண்டும். மா கமக்காரரின் பயிர் மட்டுமன்று. யாழ்ப்பாணத்திலே மாமரம் இல்லாத வளவு அரிது. கொழும்பிலே பணிபுரிவோரின் பூட்டிக் கிடக்கும் வளவுகளிலும், வெளிநாடு சென்றோரின் வீடுகளிலும் மா நிற்கிறது. அதைக் கவனிப்பார் இல்லை. பழம் விழுந்தால் பொறுக்குவார் மட்டும் உண்டு. அத்தகைய வளவில் ஒரு மரம் நோயுற்றால், அயலிலுள்ள கமக்காரரின் தோட்டத்துக்கு அது ஆண்டுதோறும் வித்தி வழங்கும் களஞ்சியமாகிவிடும்.

அதனினும் பெரிய அபாயம் மற்றொன்று. ஒட்டுக்கொப்பையும் கன்றையும் ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு கொண்டுவருவோர் யார்? தோட்டத்தை விட்டு அகலாத கமக்காரரா? இந்தியாவுக்கு யாத்திரை போய்த் திரும்புகையில் நல்ல சாதி மா என்று இரண்டு கொப்பைத் துணிக்குள்ளே சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருபவரும், விடுமுறைக்கு வருகையில் தெருவோரத்தில் வாங்கிய கன்றை வாகனத்தில் ஏற்றி வருபவரும் பெரும்பாலும் நமது படித்த வகுப்பினரே. நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம்தான். ஆனால் அந்த இரண்டு கொப்பினுள்ளே ஒரு மாவட்டத்துக்குரிய நோய் வந்துசேரலாம். எல்லையில் இதனைத் தடுப்பதற்கென்றே 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் அறிந்தோரே அதனைச் சுங்க வாயிலில் ஏமாற்றுவாராயின், ஏட்டிலுள்ள சட்டத்தால் யாருக்கு நன்மை?

அரசு செய்ய வேண்டியவை

இனி அரசிடம் நாம் கேட்பது யாது? பெருந்தொகைப் பணமன்று, புதிய சட்டமுமன்று. விதைகளினதும் நடுகைப் பொருள்களினதும் தரத்தை ஒழுங்குசெய்வதற்கு 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இயற்றப்பட்டது. மாங்கன்று விற்கும் ஒவ்வொருவரும் தாய்மரம் எது என்று காட்டவும், அத்தாய்மரம் பூக்கும் காலத்தில் உத்தியோகத்தர் ஒருவரால் பார்வையிடப்பட்டிருக்கவும் வேண்டும். இது தலையாய தேவை. பூவில்லாக் காலத்தில் மரத்தைப் பார்த்து நலமென்று சீட்டு எழுதுவதிற் பொருளில்லை. நோய் முகங்காட்டுவது பூக்கும்போதே. நாற்றுமேடை பெரிய மாமரங்களின் கீழே அமையாதிருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, பூக்கும் காலத்தில் மாந்தோட்டங்கள் உள்ள மாவட்டங்கள்தோறும் ஒருமுறை நோய்த் தேடல் நடைபெற வேண்டும். நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை இருட்டில் எறியும் கல்லாகும். தேடலின் முடிவு கமக்காரருக்கு அவர்தம் மொழியில், படத்தோடு சொல்லப்பட வேண்டும். ஆங்கிலத்தில் ஆய்வேட்டில் வெளிவருவது அறிவியலுக்குப் போதும், கமத்துக்குப் போதாது. விவசாய விரிவாக்கம் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். பேராதனை மத்திக்குரியது, ஊர் உத்தியோகத்தர் மாகாணத்துக்குரியவர் என்ற பிரிவினை நிருவாகத்தில் இருக்கலாம்; பங்கசுக்கு அப்பிரிவினை தெரியாது. இரு பகுதியாரும் ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் நோய் ஒரு பூப்புக் காலத்தைக் கடந்துவிடும்.

மூன்றாவது, புதிதாக நோய் காணப்படும் இடத்தில் உடனே மரத்தை அகற்றவோ கடுமையாகக் கத்தரிக்கவோ நேரும். அதற்கு உடன்படும் கமக்காரருக்கு ஈடு வழங்க வேண்டும். நட்டம் முழுவதும் தம்மீது விழுமென்று கண்டால், நோயைக் கண்டவர் அதனைச் சொல்லவேமாட்டார், மறைத்துவிடுவார். மறைத்த நோயே பரவும் நோய்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் தென்னையை நோக்குக. தென்மாகாணத்தில் வெலிகம இலைவாடல் நோய் தென்னையிற் கண்டபோது, நோயுற்ற மரங்கள் தறிக்கப்பட்டன. அப்பகுதியிலிருந்து கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. தென்னைக்குச் செய்ய இயன்றது மாவுக்கு இயலாதா? தென்னைக்குத் தனியான சபைகளும் நிலையமும் உண்டு. மாவுக்காகப் பேசுவார் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

காலங் கடந்து விழித்தால் என்ன நேரும் என்பதை இந்நாடு முன்னரே கண்டிருக்கிறது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையிற் செம்மஞ்சட் புள்ளியாக ஒரு பங்கசு தோன்றியது. தொடக்கத்தில் அதனைத் தோட்ட முதலாளிமார் பொருட்படுத்தவில்லை. மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர் 1880ஆம் ஆண்டில் இங்கு வந்து அதன் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து தெளிந்தபோது, காப்பதற்குக் காலம் கடந்துபோயிருந்தது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. உருக்குலைவு நோய் அவ்வாறு ஒரே வீச்சில் பயிரை அழிப்பதன்று. நமது வெப்பம் அதன் கடுமையைக் குறைக்கவும் கூடும். தென்னிந்தியாவின் அனுபவம் அதற்கு இடந்தருகிறது. ஆயினும் வெப்பத்தை நம்பிக் கைகட்டி இருப்பது அறிவுடைமையாகாது. மெல்லப் பரவும் நோய் நமக்குத் தருவது அவகாசம். அவகாசத்தை உறக்கத்திற் கழிப்பதா, வேலையிற் கழிப்பதா என்பதே வினா.

நாம் செய்யக்கூடியது

அரசு அசையும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. வருகின்ற பூப்புக் காலத்தில் ஒவ்வொரு கமக்காரரும் தமது மரங்களை ஒருமுறை நின்று பார்க்கட்டும். வளவுள்ள ஒவ்வோர் உத்தியோகத்தரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கட்டும். நெருங்கித் திரண்டு, தடித்து, பிஞ்சு பிடியாமல் நிற்கும் பூங்கொத்து எதுவும் கண்ணிற் பட்டால், அதனை அப்படியே படம் பிடித்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டட்டும். பின்னர் கீழே நலமான கொப்போடு சேர்த்து வெட்டி, அன்றே எரித்துவிடட்டும். அக்கொப்பில் ஒட்டு எடுக்க எவருக்கும் கொடாதிருக்கட்டும். கன்று வாங்குவோர் குருத்தைப் பார்த்து, தாய்மரத்தை விசாரித்து வாங்கட்டும். தாய்மரத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் திரும்பட்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் திருந்துவர்.

கமக்காரர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் இதனை ஏற்று நடத்துமாயின் நலம். ஒரு கிராமத்தில் ஒரே கிழமையில் எல்லா வளவுகளிலும் மாமரங்களைப் பார்வையிடலாம். ஏறத் தெரிந்த இளைஞர் இருவருக்கு ஊரே சேர்ந்து கூலி கொடுத்தால், தனித்தனியே கட்டாத செலவு கூட்டாகக் கட்டும். ஆளில்லா வளவுகளுக்கு அவற்றின் சொந்தக்காரர் எங்கிருந்தாலும் அனுமதியும் கூலியும் அனுப்பலாம். கோயில் திருவிழாவுக்குப் பிறநாட்டிலிருந்து பணம் திரட்டத் தெரிந்த ஊருக்கு, மாமரத்துக்கு ஒரு நாட்கூலி திரட்டுவது பெரிய காரியமன்று.

அறிஞர் உலகம் இந்நோயின் புதிரை அவிழ்க்க நூறாண்டுக்கு மேல் எடுத்தது. அந்த உழைப்பின் பயன் ஒரு கத்தியளவில் எளிதாகி நம் கையில் வந்திருக்கிறது. அதனை எடுத்துப் பயன்படுத்துவதற்கு நாமும் இன்னொரு நூறாண்டு எடுக்கலாகாது.